பதினான்கு அடிப் படகை ஏன் விற்றேன்

சேகர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ நாட்டின் மறுகோடியில், ஃப்ரீமான்ட்டிலிருந்து போன் பண்ணி, "அப்பா, உங்க அறுபதாவது பர்த்டேக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று ஆரம்பித்தாய். எவளோ ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டாய் என்று நினைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீயோ நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து முப்பத்தாறு அடி யாட் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னாய். "ரெண்டு கேபின் இருக்குப்பா. ஒண்ணு உங்களுக்குத்தான். ரிடையர் ஆனதும் இங்கயே வந்துடுங்க. யூ ஆல்வேஸ் வான்டட் எ பிக் போட்." நான் "சரிடா, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. உன் அம்மா போன பிறகு ஒருவருக்கு மட்டும் தட்டு வைக்கும் அந்த மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். இந்த வயதில் எனக்கு அவ்வளவு சத்தமாக அழ வரும் என்று எனக்கே தெரியாது.

அந்த யாட்டை வாங்காதே. மாதக் கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று இன்றைக்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் நாம் பாதிக்குப் பாதி இங்கிலீஷில் பேசுகிறோம். இங்கிலீஷில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது, முப்பது வருஷ ஆபீஸ் பழக்கம். தமிழில் எழுதினால் உனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். அம்மா உன்னை இதே மேஜையில் பிடித்து உட்காரவைத்து, நீ கால் ஆட்டிக்கொண்டே அழ அழக் கற்றுக்கொடுத்த எழுத்து. மெதுவாகவே படி. அவசரமாகப் படித்து முடிக்கிற விஷயம் இல்லை.

நான் எப்போதும் பெரிய படகுக்கு ஆசைப்பட்டவன் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். நம்பவைத்தவன் நான். உண்மையைச் சொல்கிறேன், கேள். என் வாழ்க்கையில் நான் வாய்விட்டுச் சிரித்த நாட்களை எண்ணினால், முக்கால்வாசி அந்தப் பதினான்கு அடிப் படகில்தான் இருக்கும். எண்பதாம் வருஷம் வசந்தகாலத்தில், பார்க் ஏரிக்கரையில் ஒரு கிழவர் விற்ற பழைய படகு அது. உனக்கு அப்போது பதினான்கு வயது. எனக்கும் பாய்மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, உனக்கும் தெரியாது. லைப்ரரியில் எடுத்த புத்தகத்தை நீ மடியில் விரித்து வைத்துக்கொண்டு படிக்க, நான் கயிற்றைப் பிடித்து இழுக்க, முதல் நாள் முழுக்க நாம் கரையைச் சுற்றியே வட்டமடித்தோம். "மெக்கானிக்கல் இன்ஜினியர்னு சொன்னீங்க?" என்று நீ கேட்டாய். அந்தக் கிண்டலுக்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, வீட்டில் நீ சாதாரணமாக ஏதாவது கேட்டாலே வள்ளென்று விழுகிற ஆள் நான்.

சின்னப் படகில் கோபப்பட இடம் கிடையாது. இரண்டு பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நீ சுக்கானைப் பிடித்தால் பாய்க்கயிறு என் கையில். காற்று கொஞ்சம் திரும்பினாலும் முதலில் பிடரியில் தெரியும், அப்புறம் கயிற்றில் தெரியும், அதற்கப்புறம்தான் மூளைக்குத் தெரியும். நீ இடது பக்கம் சாய்ந்தால் நான் வலது பக்கம் சாய வேண்டும். சாயாவிட்டால் இரண்டு பேரும் தண்ணீரில். உட்காரும் இடம் எப்போதும் ஈரம். சாப்பாடு என்றால், அம்மா பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்தனுப்பிய எலுமிச்சம் சாதம். ஒரு கையால் சுக்கான், ஒரு கையால் சாதம் என்று நீ தின்றதை உன் அம்மா பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் அடி விழுந்திருக்கும். காற்று செத்துப்போன மதியங்களில் ஏரி நடுவில் சும்மா கிடப்போம். அப்போதுதான் நீ பேசுவாய். பள்ளிக்கூடத்தில் உன்னை ஒருத்தன் என்னவோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அங்கேதான் சொன்னாய். கணக்கு உனக்குப் பிடிக்கவில்லை, மரவேலைதான் பிடித்திருக்கிறது என்று அங்கேதான் சொன்னாய். "அதுக்கென்ன, பண்ணு" என்றேன். அதே விஷயத்தை வீட்டு ஹாலில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

இரண்டாவது கோடையில் ஒரு சனிக்கிழமை அம்மாவும் ஏரிக்கு வந்தாள். கரையில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல காற்று. நாம் இருவரும் வீறாப்பாகப் பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு போய், அவள் கண்ணெதிரே குடைசாய்ந்தோம். எனக்கும் உனக்கும் அது ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ. நீ கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த நடுப்பலகையில் ஏறி நின்று, சிரித்துக்கொண்டே படகை நிமிர்த்தினாய். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கரைக்கு வந்தபோது உன் அம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து, நீ குளிக்கப் போனதும் என்னிடம் சொன்னாள்: "ஏங்க, அடுத்த மாசம் அவனுக்குப் பதினாறு முடியுது. போதும். அந்தப் படகை வித்துடுங்க."

உனக்குத் தெரியாத விஷயம் இங்கே இருக்கிறது. நீ இங்கே பிறந்ததும் நம் ஊர் திருச்சிக்கு உன் பிறந்த நேரத்தை எழுதி அனுப்பினேன். அங்கே ஜோசியர் ஜாதகம் கணித்து அனுப்பினார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு வரி: பதினாறு முடிந்து பதினெட்டு முடியும்வரை இந்த ஜாதகனுக்குத் தண்ணீரில் கண்டம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் உன் அம்மா அந்த ஒரு வரியைப் பதினாறு வருஷம் வயிற்றில் கட்டிக்கொண்டு நடந்தாள். உன்னை நீச்சல் வகுப்புக்கு அனுப்பியதே அவள்தான், "கத்துக்கட்டும், அப்ப உதவும்" என்று. உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். "பிள்ளைகிட்ட கண்டத்தைச் சொல்லக் கூடாதுங்க. அவன் மனசுல பயம் வந்துட்டா அந்தப் பயமே அவனை இழுத்துட்டுப் போயிடும்." ஊரில் எல்லாத் தாய்மார்களும் அப்படித்தான். சொல்லாமல் காப்பாற்றுவார்கள்.

சரி, படகை விற்க வேண்டும், காரணத்தைச் சொல்லக் கூடாது. அந்தச் சமயம் பார்த்து ராமநாதன் அங்கிள் வந்தார். மயக்க மருந்து டாக்டர், கை நிறையச் சம்பளம், காசை என்ன செய்வது என்று தெரியாத மனிதர். அவரும் இன்னொரு குடும்பமும் சேர்ந்து கடலோரத்தில் நாற்பதடி யாட் ஒன்று பார்த்திருந்தார்கள், மூன்றாவது பங்குக்கு ஆள் வேண்டும். அம்மா போய்ப் பார்த்தாள். கம்பிவேலி இருக்கிறது, இன்ஜின் இருக்கிறது, டாய்லெட் இருக்கிறது, கரையில் கட்டியே கிடக்கிறது. "இது வீடு மாதிரி இருக்கு. இது பரவால்ல" என்றாள். எனக்கும் உன்னிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பெரியது வாங்குகிறேன், அதனால் சின்னதை விற்கிறேன்.

மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் தன் மகளோடு வந்து அதை வாங்கிப் போனார். நீதான் படகை அவர் டிரெய்லரில் ஏற்றிக் கட்டினாய். சுக்கான் எப்படி மாட்ட வேண்டும், எந்தக் கயிறு சிக்கும் என்று அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். அவர்கள் போன பிறகு டிரைவ்வேயில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாய்: "டிட் ஐ டூ சம்திங் ராங், அப்பா?" இல்லைடா என்று சொல்லிக் கட்டிக்கொண்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நிச்சயம் தெரியும், இத்தனை வருஷம் நீ அதை மறந்திருக்க மாட்டாய். "அதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டுடா. மனுஷன்னா பெருசா நினைக்கணும்." நீ தலையாட்டிவிட்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு நீ என்னோடு தண்ணீரில் இறங்கவே இல்லை.

யாட்டைப் பற்றி நீ ஆசையாகக் கேட்டால் மணிக்கணக்காகப் பேசலாம். அடேயப்பா, அது படகா? யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நம்முடைய முறை வரும். இருபது பேர் வருவார்கள். புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு ரோஸ்ட். கேபினுக்குள் ஏர்கண்டிஷனர் ஓடும், டிவியில் யாரோ கொண்டுவந்த தமிழ்ப்பட கேசட் ஓடும், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லோரும் படம் பார்ப்பார்கள். படகுத்துறையை விட்டுக் கிளம்பினால் ஆன்ட்டிகளுக்குத் தலைசுற்றும், அதனால் கிளம்புவதில்லை. ஆயுதபூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. மிச்ச நாளெல்லாம் மெழுகு தேய்க்க வேண்டும், துரு சுரண்ட வேண்டும், பம்ப் பார்க்க வேண்டும். இரண்டு கோடை முழுக்க அந்தப் பாயில் காற்று பட்டது மொத்தம் ஐந்து தடவை இருக்கும். ஆனால் ராமநாதன் அங்கிள் எல்லோர் முன்னாலும் என்னை "கேப்டன்" என்று கூப்பிடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். ரொம்பவே பிடித்திருந்தது.

இதுவரை சொன்னதற்கு நீ என்னை மன்னித்துவிடுவாய் என்று தெரியும். "அம்மாவுக்காகத்தானே பண்ணீங்க" என்பாய். இனிமேல் சொல்லப் போவதைத்தான் எட்டு வருஷமாக எவரிடமும் சொல்லவில்லை.

படகை விற்ற அதே வருஷம், அக்டோபர் கடைசி ஞாயிறு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கும் நாள். ஸ்டூலில் ஏறிச் சமையலறைக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அம்மா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றுவிட்டது. நீ பிறந்தது ஜூலை மாதம், மாலை ஏழு இருபது. அதை இந்திய நேரமாக மாற்றும்போது பத்தரை மணி நேரம் கூட்டி எழுதி அனுப்பினேன். பத்தரை என்பது குளிர்காலக் கணக்கு. கோடையில் இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஒன்பதரைதான் கூட்டியிருக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை இதே ஸ்டூலில் ஏறி இதே முள்ளைத் திருப்புகிறவன், பதினாறு வருஷமாக அதை யோசிக்கவே இல்லை. ஒரு மணி நேரம் மாறினால் லக்னமே மாறிவிடும். "என்னங்க, தலை சுத்துதா?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்ல" என்று இறங்கிவிட்டேன்.

சரியான நேரத்தை எழுதி, ஆபீஸ் விலாசம் கொடுத்து, ஜோசியருக்குத் திருட்டுத்தனமாகக் கடிதம் போட்டேன். ஜனவரியில் பதில் வந்தது. லக்னம் வேறு, கட்டங்கள் வேறு, தண்ணீர் சம்பந்தமான தோஷம் எதுவுமில்லை, முன்பு அனுப்பிய பலனைக் கிழித்துப் போடவும் என்று எழுதியிருந்தார். அந்த ஆசிரியரின் வீட்டைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். நம் படகு அவர் முற்றத்தில் பனிக்கு அடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஒரு மணி நேர வேலை. வண்டியை நிறுத்தி, கதவைத் தட்டி, தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், நல்ல மனிதர். நான் நிறுத்தவில்லை. கடிதத்தை ஆபீஸ் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நான் இன்ஜினியர். கூட்டல் கழித்தலில் தப்பு செய்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அவள் சிரித்திருப்பாள், "இதுக்கா படிச்சீங்க?" என்று ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். அந்த ஒரு வாரக் கேலிக்குப் பயந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். கேப்டன் பதவியும் ஒரு காரணம். இல்லை என்று சொல்லமாட்டேன்.

நீ எண்பத்திரண்டாம் வருஷத்து ஏப்ரல் சனிக்கிழமையை மறந்திருக்க மாட்டாய். அம்மா சமையலறைத் தரையில் விழுந்து கிடந்ததையும், நீ ஒருவனாக ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதையும். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. டாக்டர் பட்டினி கிடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவள் சனிக்கிழமை சனிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். ஆஸ்பத்திரியில் நீ என்னைக் கேட்டாய், "ஒய் டஸ்ன்ட் ஷி ஈட், அப்பா?" என்று. "சாமி விஷயம்" என்றேன். உனக்காகத்தான் இருந்தாள். உன் கண்டம் கழிய வேண்டும் என்று. இல்லாத கண்டத்துக்கு. அது இல்லை என்று எழுதிய காகிதம் என் இழுப்பறையில் இருந்தது. நீ படகுத்துறை ஆபீஸுக்கு மூன்று தடவை போன் பண்ணியிருக்கிறாய். நான் கேபினுக்குள் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தேன், எங்கள் டிவி சத்தத்தில் அவர்கள் வந்து கூப்பிட்டது கேட்கவில்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அவள் கையில் ஊசி குத்தியிருந்தது, பிளாஸ்டர் போட்டிருந்தது, அந்தக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் பதினஞ்சு மாசம்தாங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

பதினைந்து மாதமும் விரதம் இருந்தாள். உன் பதினெட்டாவது பிறந்தநாளன்று காலையில் பால் பாயசம் வைத்தாளே, அது பிறந்தநாளுக்கு மட்டும் இல்லை. நீ காரை எடுத்துக்கொண்டு வெளியே போனதும், சுவாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு குழந்தையைப் போல அழுதாள். "தாண்டிட்டான்ங்க. என் பிள்ளை தாண்டிட்டான்." நான் "ஆமாம்மா" என்றேன். அவள் ஜெயித்துவிட்டாள், அந்தச் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு வருஷம் கழித்துச் சிறுநீரகம் போய், டயாலிஸிஸில் கிடந்து அவள் போனாள். அந்த விரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதையேதான் சொன்னார். நான் இன்னும் நம்பவில்லை. அவள் கடைசி மாதங்களில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பேச்சை எடுத்தேன். எடுத்து, "தலையணை சரியா இருக்கா?" என்று கேட்டு முடித்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த யாட்டை எனக்காக வாங்காதே. உன் சொந்த ஆசை என்றால் வேறு விஷயம், அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. ஆனால் நான் சொன்ன ஒரு பொய்யை வைத்து நீ இருபத்துநான்கு வயதில் ஒரு ஆசையை உண்டாக்கிக்கொண்டு, அதை எனக்குப் பரிசாகக் கொடுக்க வருகிறாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை. அதில் ஒரு கேபின் எனக்கு என்றாய். நான் அதில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. பெரிய படகில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது, சேகர். எதை வேண்டுமானாலும் மறைத்து வைக்கலாம். நான் வைத்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. என் முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்று தோன்றலாம். உன் அம்மாவைக் கடைசிவரை ஏமாற்றியவனை உடனே மன்னித்துவிட்டேன் என்று நீ சொன்னால், நானே உன்னை நம்பமாட்டேன். ஆனால் ஒன்று. கோபம் ஆறட்டும், அப்புறம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று காத்திருந்து நான் அவளை இழந்தேன். டிக்கெட் போடு. வந்து திட்டு. இந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, அவள் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் நீ கேள். கோபத்தோடேயே வா.

அப்பா